302க்கும் 304க்கும் நடுவே

கணவனுக்குப் பதினெட்டு வயது, மனைவிக்குப் பதினைந்து. 1876இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு அது. அவன் அவளை உதைத்தான், முதுகில் குத்தினான். கீழே விழுந்தவளின் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, கைமுட்டியை இறுக்கி முகத்தில் இரண்டு மூன்று முறை ஓங்கிக் குத்தினான். இடது கண் கன்றிப்போனது. மண்டையோடு உடையவில்லை. ஆனால் உள்ளே இரத்தக் கசிவு ஏற்பட்டு மூளைமேல் பரவியது. அங்கேயே, அல்லது சற்று நேரத்தில், அவள் உயிர் போய்விட்டது.

இது கொலையா? நீதிபதிகளே ஆளுக்கொரு பக்கம் நின்றதால் வழக்கு நீதிபதி மெல்வில்லிடம் போனது. கொலை ஆகாது என்றார் அவர். கோவிந்தா என்ற அந்த இளைஞனுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. படிக்கும்போது மனம் கொதிக்கத்தான் செய்கிறது. பதினைந்து வயதுப் பெண் அடித்தே சாகடிக்கப்பட்டிருக்கிறாள். அதைக் கொலை என்று சொல்லக் கூடாதா? ஆனாலும் அந்தத் தீர்ப்பைப் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். மனிதன் மனத்துக்குள் இருப்பதை வெளியிலிருந்து அளக்கச் சட்டம் செய்த மிக நுட்பமான முயற்சிகளில் அதுவும் ஒன்று.

மெக்காலே தலைமையில் 1837இல் வரைவு தயாராகி, 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது இந்திய தண்டனைச் சட்டம். அதில் ஒருவர் இன்னொருவர் உயிரைப் போக்குவது குறித்து அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் உண்டு: 299, 300. முதலாவது பெரிய வட்டம். எண்ணத்தோடோ விளைவை அறிந்தோ மரணம் விளைவிக்கும் குற்றங்கள் எல்லாம் அதற்குள் வரும். இரண்டாவது அதற்குள்ளே இருக்கும் சிறிய வட்டம். அதற்குள் விழுந்தால்தான் கொலை. கொலைக்கு 302ஆம் பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள். வெளி வட்டத்தோடு நின்றுவிட்டால் 304. எத்தனையோ வழக்குகளில் வக்கீல்களின் முழுப் போராட்டமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 103, 105 என்று எண் மாறின. ஆனாலும் கோர்ட் வளாகங்களில் 302 என்ற பேச்சு அவ்வளவு சீக்கிரம் மறையாது.

இரண்டு வட்டங்களையும் பிரிப்பது நிகழ்தகவு. அடித்தால் சாவு நேரக்கூடும் என்ற அளவில் இருந்தால் அது வெளி வட்டம். இயல்பாகவே உயிரைப் போக்கப் போதுமான காயம் என்றால் உள் வட்டம். கோவிந்தா கையில் ஆயுதம் இல்லை. முகத்தில் விழும் முட்டிக் குத்து சாவில் முடியலாம், பெரும்பாலும் முடிவதில்லை. அவனுக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததாகவும் நிறுவப்படவில்லை. ஆகவே 304.

இதோடு 1955இல் பஞ்சாபில் நடந்த ஒன்றை வைத்துப் பாருங்கள். விர்சா சிங் என்பவர் ஒருவரின் வயிற்றில் ஈட்டியால் குத்தினார். ஒரே ஒரு குத்து. குடல் மடிப்புகள் மூன்று வெளியே வந்துவிட்டன. காயம்பட்டவர் மறுநாள் இறந்தார். கொல்ல நினைக்கவில்லை, ஒரு முறைதானே குத்தினார் என்று வாதிடப்பட்டது. 1958இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சாக வேண்டும் என்று நினைத்தாரா என்பதை இங்கே கேட்க வேண்டியதில்லை. அந்த இடத்தில், அந்தக் காயத்தை ஏற்படுத்த நினைத்தாரா என்று மட்டும் கேட்டால் போதும் என்றார். கை தவறிப் பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால், நினைத்துத்தான் குத்தியிருக்கிறார். அந்தக் காயம் உயிரைப் போக்கப் போதுமானதா என்பது மருத்துவச் சான்றுகளை வைத்து முடிவாக வேண்டியது. குத்தியவரின் அபிப்பிராயம் அதில் தேவையில்லை. மனத்தைத் திறந்து பார்க்கும் கருவி யாரிடமும் இல்லாததால், காயத்தின் இடம், ஆழம், ஆயுதம் ஆகியவற்றிலிருந்து மனத்தைப் படித்தெடுக்கும் வழியை அந்தத் தீர்ப்பு காட்டியது.

காயங்கள் உண்மையிலேயே நிறையப் பேசும். கத்தியோடு வருகிறவனைத் தடுக்கக் கையைத் தூக்கினால், முன்கையில் சுண்டுவிரல் பக்க விளிம்பில் வெட்டு விழும். கத்தியையே பிடித்து நிறுத்தப் பார்த்தால் உள்ளங்கையும் விரல்களின் உட்புறமும் கிழியும். குத்துகிறவனையும் கத்தி சும்மா விடாது. முனை எலும்பில் இடித்து நின்றுவிட, இரத்தத்தில் நனைந்த கை பிடியிலிருந்து வழுக்கி அலகில் இறங்கி அவன் விரலையே அறுத்துவிடுவதுண்டு. யார் பாய்ந்தார், யார் தடுத்தார் என்பதற்குச் சாட்சிகள் இல்லாத அறையில் இந்தக் கோடுகள்தான் சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பில் உள்ள பலமான காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லவில்லை என்றால், அதன் கதையையே சந்தேகிக்கலாம் என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கும் இதுவே காரணம்.

இங்கிருந்துதான் தற்காப்புக்கு வருகிறோம். 2012இல் மதுரையில் ஒரு தாய், தன் மகளிடம் பாலியல் வன்முறையில் இறங்கிய கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவன் இறந்துவிட்டான். அது தற்காப்பு என்று கண்ட போலீஸ், 100ஆம் பிரிவைக் காட்டி அவரை விடுவித்தது. பலருக்கு அது அதிசயமாக இருந்தது. ஆனால் சட்டம் 150 ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கிறது. நம் உடலை மட்டுமல்ல, வேறு எவர் உடலையும் காக்கும் உரிமை நமக்கு உண்டு. உயிர்ப் பயம், கொடுங்காயம், பாலியல் வன்முறை, ஆள் கடத்தல், 2013இல் சேர்க்கப்பட்ட ஆசிட் வீச்சு போன்ற ஆபத்துகள் வரும்போது எதிராளியின் உயிர் போனாலும் அது குற்றமே ஆகாது. தாக்குகிறவர் மனநலம் பாதிக்கப்பட்டவராக இருந்து, அவர் மீது குற்றமே சாராது என்றாலும் நம் உரிமை குறையாது. புறமுதுகிட்டு ஓடவேண்டும் என்றும் இந்தியச் சட்டம் எதிர்பார்க்கவில்லை.

எல்லை உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸை அணுக நேரம் இருந்தால் உரிமை கிடையாது. தேவை எவ்வளவு என்பதை நீதிமன்றங்கள் கொஞ்சம் தாராளமாகவே பார்க்கின்றன. அரிவாள் ஓங்கியிருக்கும்போது தங்கம் நிறுக்கும் தராசைத் தேட முடியாது என்பதை அவை திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பயம் நியாயமானதாக இருந்தால் போதும். ஒரு வெட்டு வாங்கிய பிறகுதான் கை ஓங்க வேண்டும் என்பதில்லை. தற்காப்பு என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். நல்லெண்ணத்தோடு காத்துக்கொள்ளத் தொடங்கி எல்லை தாண்டிவிட்டால், 302 இறங்கி 304 ஆகும்.

ஆனால் ஆபத்து விலகிய நொடியில் உரிமையும் போய்விடும். ஓடுகிறவரைச் சுட்டால் அது தற்காப்பு இல்லை என்று 1962இல் ஜெய்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது சரியான விதி. இல்லாவிட்டால் பழிவாங்குகிறவர்கள் எல்லாம் தற்காப்பு என்பார்கள்.

இந்த நொடிக் கணக்கில்தான் எனக்கு ஒரு தீராத மனக்குறை. சரிசமமான பலம் உள்ள இரண்டு ஆண்கள் தெருவில் மோதிக்கொள்ளும் காட்சிக்கு இந்த அளவுகோல் பொருந்துகிறது. பூட்டிய வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கும் பெண்ணுக்கு? எதிரே நின்று அவரால் ஜெயிக்க முடியாது. அவர் திருப்பி அடிப்பது, அடிப்பவன் தூங்கும்போதுதான். பத்தாண்டு சித்திரவதைக்குப் பிறகு, 1989இல் இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா, தூங்கிக்கொண்டிருந்த கணவன்மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். அன்று மாலைதான் அவன் சூடான இஸ்திரிப் பெட்டியால் அவர் முகத்தைச் சுடப்போவதாக மிரட்டியிருந்தான். கீழ்க் கோர்ட் கொலை என்று ஆயுள் தண்டனை கொடுத்தது. 1992இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஆனால் காரணம், அவருடைய மனநிலை பாதிக்கப்பட்டிருந்தது என்ற புதிய மருத்துவச் சான்று. ஆத்திரமூட்டல் என்ற வாதத்துக்கு, திடீரென்று கட்டுப்பாடு இழந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை நீதிபதிகள் கைவிடவில்லை. 2009இல் இயற்றிய சட்டத்தில்தான் பிரிட்டன் அந்தத் திடீர் என்ற நிபந்தனையை எடுத்தது.

அதே 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி முன்னே போய்விட்டது. கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு தாயின் வழக்கு. செத்தவை அவர் பெற்ற பிள்ளைகள். ஆத்திரமூட்டியவன் வேறு ஆள். நாள் கணக்கு பார்த்தால் திடீர் என்று எதுவும் இல்லை. எழுத்தின்படி போனால் 302தான். நீதிமன்றமோ, சொட்டுச் சொட்டாய்ச் சேர்ந்து ஒரு நாள் உடையும் ஆத்திரமும் ஆத்திரமே என்று ஏற்று, நீடித்த ஆத்திரமூட்டல் என்ற கருத்தை, ஆத்திரமூட்டலுக்காகக் கொலையைக் குறைக்கும் 300ஆம் பிரிவின் விதிவிலக்குக்குள் கொண்டுவந்து, குற்றத்தை 304க்கு இறக்கியது. நம் ஊர்க் கிணறுகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் எடை புரியும்.

2023இல் சட்டத்தையே புதிதாக எழுதியபோது, இந்தக் கருத்தைச் சட்டத்திலேயே ஏற்றியிருக்கலாம். செய்யவில்லை. கொலைக்கான 101ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கில், கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டல் என்ற பழைய நிபந்தனை மாறாமல் அப்படியே நிற்கிறது. இன்று ஒரு பெண் அப்படிக் கூண்டில் நின்றால், அவருடைய வக்கீல் பழைய தீர்ப்புகளைத் தேடி எடுத்துத்தான் மறுபடியும் முதலிலிருந்து வாதாட வேண்டும்.