காபிக்கு வந்த வழக்கு

காபி ஹராம், அதாவது விலக்கப்பட்டது என்று 1511-இல் மக்காவில் ஒரு தீர்ப்பு வந்தது. யேமன் சூஃபிகள் இரவில் திக்ர் என்ற இறைநினைவுக்குக் கண் விழிக்கக் குடித்த பானம் அது. மக்காவின் அதிகாரி காயிர் பேக், ஆலிம்களையும் (மார்க்க அறிஞர்களையும்) மருத்துவர்களையும் கூட்டி விசாரித்தார். தடை வந்தது, கொட்டைகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள்.

குர்ஆனில் காபி கிடையாது. பிறகு எதை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள்? குர்ஆன் மதுவைத் தடுக்கிறது. அந்தத் தடைக்குக் காரணம் போதை என்று கண்டார்கள் சட்ட அறிஞர்கள். அப்படிப்பட்ட காரணத்துக்கு ‘இல்லத்’ என்று பெயர். புதிதாக ஒரு பொருள் வந்தால் அதிலும் அந்த இல்லத் உண்டா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது ‘கியாஸ்’. தராசை நினைத்துக்கொள்வோம்: எடைக்கல் பழையது, தட்டில் ஏறும் சரக்கு புதியது.

மது ஹராமா என்று மக்காவில் யாரும் கேட்கவில்லை. காபி மதியை மயக்குமா, உடம்பைக் கெடுக்குமா என்றுதான் கேட்டார்கள். அதற்கான பதில் மனிதர் பார்த்துச் சொல்வது; தவறாகவும் போகலாம். பிறகு கெய்ரோவிலிருந்து, மக்காவையும் ஆண்ட சுல்தானின் உத்தரவு வந்தபோது கூடிக் கும்மாளமிடுவதற்குத்தான் தடை இருந்தது, காபிக்கு இல்லை.

ஷரீஅத் என்றால் பிரிவு எண் போட்ட ஒரே சட்டப் புத்தகம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். காபி வழக்கே காட்டுவதுபோல் அப்படி ஒன்று இல்லை. இறைவன் காட்டிய வழி ஷரீஅத். அதை மனிதர் புரிந்து வகுத்தது ஃபிக்ஹ். வழி மாறாது என்பது நம்பிக்கை. புரிதல் மாறியிருக்கிறது, அதுவும் மார்க்கத்தில் ஊறியவர்கள் கையாலேயே. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் (சட்ட மரபின்) இமாம் ஷாஃபிஈ, பக்தாதில் சொன்ன பல தீர்ப்புகளை எகிப்துக்குப் போனபின் மாற்றிக்கொண்டார். பழைய சொல், புதிய சொல் என்று இரண்டையுமே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

தொழுகை, நோன்பு போன்ற வணக்கங்களில் மாற்றத்துக்கான வாசல் அவ்வளவாகத் திறப்பதில்லை. கொடுக்கல் வாங்கலில் நன்றாகவே திறக்கும். உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மெஜல்லே சட்டத்தின் 39-ஆம் விதி, காலம் மாறத் தீர்ப்பும் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் வீடு வாங்குவது. முன்பு அறைகளெல்லாம் ஒரே மாதிரி கட்டியதால் ஓர் அறையைப் பார்த்தாலே வீட்டைப் பார்த்ததாகக் கொண்டார்கள். பிற்காலத்தில் அறைக்கு அறை கட்டுமானம் வேறுபட்டது. ஒவ்வோர் அறையையும் பார்த்தாக வேண்டும் என்றார்கள். வாங்குகிறவர் சரக்கை அறிந்து வாங்க வேண்டும் என்பது அப்போதும் இப்போதும் அதேதான்.