கம்பெனியையே வாங்கிவிட்ட கதை

கடிதம் அடிக்க, கணக்குப் போட, படக்காட்சி தயாரிக்க என்று காசு கொடுத்துத்தான் மென்பொருள் வாங்க வேண்டுமா? லிப்ரே ஆபிஸ் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தமிழ் இடைமுகமும் உண்டு.

இதன் பூர்வீகம் ஜெர்மனி. 1985-இல் மார்கோ போரிஸ் என்ற பதின்வயதுப் பையன் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் ஸ்டார் ஆபிஸ்தான் மூலம். 1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தையே வாங்கியது. ஊழியர் எல்லோருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் வாங்குவதைவிட இது மலிவு என்று கணக்குப் போட்டார்களாம்! மறு ஆண்டே ஸ்டார் ஆபிஸின் மூலநிரலைப் பொதுவில் திறந்துவிட்டார்கள். ஓப்பன் ஆபிஸ் பிறந்தது. 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிள் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனதும், ஓப்பன் ஆபிஸ் தன்னார்வலர்கள் தனிக்குடித்தனம் போய்த் தொடங்கியதுதான் லிப்ரே ஆபிஸ்.

ஒன்று மட்டும் கவனம். இது கோப்புகளை வழக்கமாக ஓ.டி.டி. போன்ற தன் வடிவங்களில் சேமிக்கும். மைக்ரோசாஃப்ட் வேர்டு வைத்திருப்பவருக்கு அனுப்பும்போது, சேமிக்கும் இடத்திலேயே டாக்-எக்ஸ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சிக்கலான அட்டவணைகள் கொஞ்சம் இடம் மாறலாம். அனுப்புமுன் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.