கணினியில் கணிதக் குறியீடுகள்

எழுத்தின் மேல் இடும் சிறு புள்ளியும் பொருளை மாற்ற வல்லது. 'பல்' என்பதன் புள்ளி நீங்கின் அது 'பல' ஆகிவிடும். கணிதக் குறியீடுகளின் நிலையும் இத்தகையதே. 10² என நாம் எழுதியது அச்சில் 102 என வந்துவிடின் நூறு நூற்றிரண்டாகி விடும். வினாத்தாளில் இப்பிழை நேரின், கணக்கை நன்கறிந்த மாணவனும் தவறான விடையையே தருவான். கணினியில் இத்தகைய பிழைகள் ஏன் நேர்கின்றன, அவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

சொல்லும் குறியும்

தொடக்கத்தில் கணிதம் பெரும்பாலும் சொற்களாலேயே எழுதப்பெற்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, 'அல்ஜீப்ரா' என்னும் பெயர் பிறக்கக் காரணமான தம் நூலில், சமன்பாடுகளை உரைநடையாகவே விளக்கினார். 1557ஆம் ஆண்டில் வேல்சு நாட்டு அறிஞர் இராபர்ட் ரெக்கார்டு சமக்குறியை (=) அறிமுகப்படுத்தினார். 'இதற்குச் சமம்' என மீண்டும் மீண்டும் எழுதும் சலிப்பை நீக்கவே அவர் நீளமொத்த இரு இணைகோடுகளைத் தேர்ந்தார். பக்கக் கணக்கில் விரியும் செய்தியை ஒரு வரியில் அடக்கும் ஆற்றல் இவ்வாறே குறிகளால் கணிதத்திற்கு வாய்த்தது.

இடநெருக்கடி

கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எண்ணே தெரியும். ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் என்னும் முறையில் 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்றது ஆஸ்கி குறிமுறை. அதில் இருந்தவை 128 இடங்களே. கூட்டல் குறிக்கும் சமக்குறிக்கும் இடம் கிடைத்தது. ×, ÷, √, ∑ ஆகியவற்றிற்குக் கிடைக்கவில்லை. எனவே பெருக்கலுக்கு உடுக்குறியும் வகுத்தலுக்குச் சாய்கோடும் நிரல்மொழிகளில் வழக்காயின.

பின்னர் ஒரு மாற்றுவழி கண்டனர். ஆங்கில எழுத்திற்குரிய எண்ணை வைத்துக்கொண்டே, 'சிம்பல்' போன்ற எழுத்துருக்களால் வேறு வடிவத்தைத் திரையில் காட்டினர். 'எம்' என்னும் ஆங்கில எழுத்தின் இடத்தில் கிரேக்க 'மியூ' தோன்றும். ஆனால் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது மீண்டும் 'எம்' ஆகிவிடும். அளவைகளில் 'மியூ' மைக்ரோவையும் 'எம்' மில்லியையும் குறிக்குமாதலின், மருந்தின் அளவு மைக்ரோகிராமிலிருந்து மில்லிகிராமாக, அதாவது ஆயிரம் மடங்காகத் திரியும்! 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் இம்முறையிலேயே அமைந்திருந்தமையால், ஒரு கணினியில் எழுதிய தமிழ் பிறிதொன்றில் பொருளற்ற எழுத்துக் குவியலாய்த் தோன்றியதை அக்காலத்தார் நன்கறிவர்.

ஒருங்குறியின் வருகை

இந்நோய்க்கு மருந்தாய் 1991இல் வெளிவந்தது ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் வழங்குவதே அதன் நோக்கம். கணிதச் செயற்குறிகளுக்கென 256 இடங்கள் கொண்ட தொகுதி அதில் உண்டு. 2012இல் அரபுக் கணித எழுத்துகளும் சேர்க்கப்பெற்றன. நம் முன்னோர் ஆண்ட முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய பின்னக் குறிகளும் 2019இல் இடம்பெற்றன. பழைய கணக்கோலைகளைக் கணினியில் பதிப்பிப்போர்க்கு இது பெரும்பேறாகும்.

அமைப்பும் இன்றியமையாதது

குறி கிடைத்தமட்டில் பணி நிறைவுறாது. 1/2அ என ஒரே வரியில் எழுதினால், அது 'அ'வின் பாதியா, ஒன்றை '2அ'வால் வகுத்ததா என்னும் ஐயம் எழும். கணிதம் மேலும் கீழுமாக அடுக்கி எழுதப்படுவது. தம் நூலின் அச்சுப்படி அழகிழந்திருக்கக் கண்டு 1977இல் வருந்திய அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத், தாமே 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு நிரலை உருவாக்கத் தொடங்கினார். உலகெங்கும் கணித ஆய்விதழ்கள் இன்றும் அதன் வழிவந்த 'லேட்டக்' முறையைக் கையாள்கின்றன. இணையப் பக்கங்களுக்கென 1998இல் 'மேத்எம்எல்' வகுக்கப்பெற்றது. சூத்திரத்தைப் படமாக ஒட்டினால், விளக்கம் சேர்க்காதவிடத்துப் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதனைப் படிக்க இயலாது. உரிய முறையில் குறித்தாலோ படித்துக் காட்ட இயலும்.

நாம் செய்யத்தக்கவை

பெருக்கலுக்கு 'எக்ஸ்' எழுத்தை இடுதல் தகாது. விண்டோசு கணினியில் 'ஆல்ட்' விசையை அழுத்தியவாறே வலப்புற எண்விசைகளில் 0215 எனத் தட்டின் ×, 0247 எனத் தட்டின் ÷, 0177 எனத் தட்டின் ± கிடைக்கும். வேர்டு செயலியில் 2211 எனத் தட்டி, 'ஆல்ட்' விசையுடன் 'எக்ஸ்' விசையை அழுத்தின் ∑ தோன்றும். 2264 என்பது ≤ குறியைத் தரும். கழித்தலுக்குச் சொல்லிணைப்புக் கோட்டை இட்டால், குறி ஒரு வரியிலும் எண் அடுத்த வரியிலுமாகப் பிரியக்கூடும். அதற்குரிய 2212 என்னும் குறியே ஏற்றது. ஐயம் எழுமிடத்து, √(அ+ஆ) என்றாற்போல அடைப்புக்குறி இடுதல் நன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, வினாத்தாளை அச்சுக்கு விடுக்குமுன் அச்சிடும் கணினியிலேயே ஒருமுறை திறந்து சரிபார்த்தல் வேண்டும்.

ஏடு பெயர்த்தெழுதியோர் ஒரு புள்ளியை விட்டமையால் பாடவேறுபாடு தோன்றியதைத் தமிழ் பயில்வோராகிய நாம் அறிவோம். அந்தக் கவனத்தைக் கணிதக் குறிகளிடத்தும் செலுத்துவோமாயின், எழுதியவர் கருதியதே படிப்பவரைச் சென்றடையும்.