முதல் பந்தைப் போட்டவர் செங்கல்பட்டுக்காரர்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. மாமல்லபுரம் கடற்கரை. ஈர மணலில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடக் கிளம்பினார்கள். ஒரு பக்கம் மூன்று குச்சிகளை நட்டாயிற்று. எதிர்ப்பக்கக் குச்சியை எங்கே நடுவது? அதில்தான் சண்டை!

என் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். விறுவிறு என்று காலடி வைத்து நடந்தார். ஓரிடத்தில் நின்று, குதிகாலால் ஒரு கோடு கிழித்தார்.

"இங்கே நடுங்கள். சரியாக 22 கெஜம்" என்றார்.

பெரியப்பா கிரிக்கெட் வீரர் அல்ல; சர்வேயர். செங்கல்பட்டில் வீடு. 30 ஆண்டுகளுக்கு மேல் நிலம் அளந்தவர். அடுத்த ஆண்டு அவருக்கு 60 வயது முடிகிறது; ஓய்வு பெறுகிறார்.

செயின் கணக்கு

கிரிக்கெட்டுக்கும் நிலம் அளப்பதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

கிரிக்கெட் பிட்சின் நீளம் 22 கெஜம். அதாவது 66 அடி. அந்தக் காலத்தில் நிலம் அளந்த சங்கிலியின் நீளமும் அதே 66 அடிதான். அதைச் 'செயின்' என்பார்கள். ஒரு செயின் நீளம், ஒரு செயின் அகலம் உள்ள மனை சரியாக 10 சென்ட். இப்போது மீட்டர் கணக்கு வந்துவிட்டது. ஆனாலும் மூத்த சர்வேயர்கள் சொல்லிக் கொடுத்த பழைய கணக்கு பெரியப்பாவின் காலில் இன்னும் இருக்கிறது.

"தாத்தா, நீங்களும் ஒரு ஓவர் போடுங்கள்" என்றான் ஒரு பையன்.

"போட்டால் கோபாலன் மாதிரிப் போடுவேன்!"

"கோபாலனா? அது யார்?"

பெரியப்பா மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். கதை தொடங்கியது.

மொறப்பாக்கம் கோபாலன்

எம். ஜே. கோபாலன் 1909-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி செங்கல்பட்டு மாவட்டம் மொறப்பாக்கத்தில் பிறந்தார். சென்னைக்குப் போய், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் ஆடினார். வேகப்பந்து வீச்சில் பெயர் எடுத்தார். ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் அவரது திறமையைக் கண்டு, பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்கு ஏற்பாடு செய்தார்.

1934-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி. சேப்பாக்கம் மைதானம். நாட்டின் முதல் ரஞ்சி கோப்பைப் பந்தயம். சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவர் யார் தெரியுமா? நம் மொறப்பாக்கம் கோபாலன்தான்!

பந்தயம் ஒரே நாளில் முடிந்தது. மைசூர் 48, 59 ஓட்டங்கள், சென்னை 130. இன்னிங்ஸ் வெற்றி! அன்று 11 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் ஏ. ஜி. ராம்சிங். ஆனாலும் "முதல் பந்து யார்?" என்று கேட்டால் கோபாலன் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

கைவிட்டுப் போன தங்கம்

கோபாலன் ஆக்கியிலும் சூரர். 1935-ல் தயான் சந்துடன் நியூசிலாந்து சென்று ஆடினார்.

அடுத்த ஆண்டு வந்தது சோதனை. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஆக்கி ஆடப் போவதா? இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போவதா?

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டு பந்தயத்தில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லினிலோ இந்திய ஆக்கி அணி ஜெர்மனியை 8–1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது!

அவர் ஆடிய டெஸ்டு ஒன்றே ஒன்று. 1934 ஜனவரியில் கல்கத்தாவில், இங்கிலாந்துக்கு எதிராக. எடுத்த விக்கெட்டும் ஒன்றுதான்.

இன்னொருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். கோபாலன் ஆட்டத்தை விடவில்லை. நாற்பது வயதைத் தாண்டியும் ஆடினார். பிறகு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பணியாற்றினார். சென்னை அணியும் இலங்கை அணியும் ஆடிய பந்தயத்துக்கு அவர் பெயரில் 'கோபாலன் கோப்பை' ஏற்பட்டது. 2003-ம் ஆண்டு டிசம்பர் 21-ந்தேதி சென்னையில் காலமானார். அப்போது உலகில் உயிருடன் இருந்த டெஸ்டு ஆட்டக்காரர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

"என்ன மிச்சம்?"

கதை முடிந்தது. சிறுவர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரியப்பா மட்டும் கடலைப் பார்த்தபடி இருந்தார்.

கொஞ்ச நாளாகவே அவருக்குத் தூக்கம் சரியில்லை என்று பெரியம்மா என்னிடம் சொல்லியிருந்தார். "பென்சன் வரும். ஆனால் காலை பத்து மணி ஆனால் இவர் எங்கே போவார்?" என்பது அவர் கவலை.

பெரியப்பாவே பேச்செடுத்தார்.

"எத்தனை ஊரில் கல் நட்டிருப்பேன்! இன்று அங்கெல்லாம் வீடு இருக்கிறது, கடை இருக்கிறது. எதிலாவது என் பெயர் இருக்கிறதா? என்ன மிச்சம், சொல்லப்பா."

"பெரியப்பா, இப்போது நீங்கள்தானே சொன்னீர்கள்? 11 விக்கெட் எடுத்தவர் வேறு. ஆனால் ஒருவர் முதல் பந்தைப் போட்டால்தானே ஆட்டமே ஆரம்பம்? நீங்கள் கல் நட்ட பிறகுதானே அவர்கள் வீடு கட்டினார்கள்?"

பெரியப்பா பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். எழுந்து மணலைத் தட்டிவிட்டு, பந்தை வாங்கினார். நாலு எட்டு ஓடிவந்து போட்டார். பந்து குச்சிக்கு வெகுதூரத்தில் போயிற்று! சிறுவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

இருட்டிவிட்டது. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினோம். பின்னாலிருந்து ஒரு குரல்:

"தாத்தா! அடுத்த ஞாயிறு வருவீர்களா?"

"வராமல்? கோடு போட ஆள் வேண்டாமா?" என்றார் பெரியப்பா.