எட்டு ஜோடியும் பத்தாயிரம் சிப்பும்

போக்கரில் ஏஸ் ஜோடி வந்தால் யாருக்கும் குழப்பமில்லை. ஏழும் இரண்டும் வந்தாலும் குழப்பமில்லை. கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கலாம். ஆளைத் தடுமாற வைப்பவை ஆறு முதல் பத்து வரையிலான நடுத்தர ஜோடிகள்தான். அதுவும் போட்டியில் சிப் கரைந்துபோய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எட்டு ஜோடி கைக்கு வந்தால் வரமா, வம்பா?

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பெரிய போட்டிகளில் அதிகம் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடியபடி. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் ஒரே மூச்சில் மூன்று, அது ஃபிளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஏழில் சிறந்த ஐந்தை வைத்துத்தான் வெற்றி. சீட்டு போடும் முன்பே இருவர் பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயத்தைக் கட்டியாக வேண்டும். போட்டியில் இந்தத் தொகை நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். சிப் தீர்ந்தவர் எழுந்து போக வேண்டியதுதான். (பணம் கட்டி இணையத்தில் இதை ஆடுவதை 2025இல் இந்திய நாடாளுமன்றம் தடை செய்துவிட்டது. இங்கே நாம் பார்க்கப்போவது கணக்கை மட்டும்.)

1995இல் லாஸ் வேகஸ் உலகப் போட்டியின் முதன்மை ஆட்டத்தை வென்ற டான் ஹாரிங்டன், சிப் குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்பதற்கு ஓர் அளவுகோலைத் தன் நூலில் பரப்பினார். பேக்கமன் ஆட்டத்தில் பேர்பெற்ற பால் மாக்ரியலின் பெயரால் அதற்கு 'எம்' என்று பெயர். பிளைண்ட் கட்டும் முறை மேசையில் எல்லோருக்கும் வந்து போகும் ஒரு சுற்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தால் எவ்வளவு செலவாகும்? அந்தத் தொகையால் உங்கள் சிப்பை வகுத்தால் எம் கிடைக்கும். சின்ன பிளைண்ட் 500, பெரிய பிளைண்ட் 1000, ஆன்டி என்ற இன்னொரு கட்டாயத் தொகை 1000 என்றால் சுற்றுக்கு 2500. கையில் 10,000 இருந்தால் எம் 4. அதாவது நான்கு சுற்று உயிர்.

இனி காத்திருப்பின் கணக்கைப் பாருங்கள். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒன்பது பேர் மேசையில் அது 24 சுற்றுக்கு மேல். ஆறிலிருந்து பத்து வரை ஏதாவது ஒரு ஜோடி வரவே சுமார் 44 ஆட்டம், கிட்டத்தட்ட ஐந்து சுற்று ஆகும். நான்கு சுற்று உயிர் உள்ளவருக்கு எட்டு ஜோடி கிடைத்ததே அதிர்ஷ்டம். அதை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

சிப் மலைபோல் குவிந்திருக்கும்போது செய்வதையே இங்கேயும் செய்வதுதான் வழக்கமான தவறு. எதிரி பந்தயத்தை 2500ஆக உயர்த்துகிறார். நாமும் அதைக் கட்டிவிட்டு, ஃபிளாப்பில் மூன்றாவது எட்டு விழுமா என்று பார்க்கலாம் என்ற ஆசை. அது விழும் வாய்ப்பு 17இல் 2. விழாத 15 தடவையும் 2500 போனால் இழப்பு 37,500. விழுந்த இரண்டு தடவையும் எதிரி தன் பங்குக்கு முழுதாகக் கட்டித் தோற்றாலும் உங்களுக்கு வருவது தடவைக்கு 12,500, ஆக மொத்தம் 25,000. சரி, எட்டு விழாவிட்டாலும் ஜோடி ஜோடிதானே என்பீர்கள். ஃபிளாப்பில் எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வர 100க்கு 87 வாய்ப்பு. ராணியும் ஜாக்கும் சிரித்துக்கொண்டு கிடக்கும்போது எதிரி மறுபடி பந்தயம் கட்டினால், கையிலிருக்கும் எட்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

நினைத்த மூன்றாவது சீட்டு விழுந்தும் காப்பாற்றாததற்குப் பேர்போன உதாரணம் உண்டு. 2003 உலகப் போட்டியின் முதன்மை ஆட்டத்தில் பத்துப் பேர் மிச்சம். தொழில்முறை ஆட்டக்காரர் பில் ஐவியிடம் ஒன்பது ஜோடி. டென்னசிக்காரக் கணக்கர் கிறிஸ் மணிமேக்கரிடம் ஏஸும் ராணியும். ஃபிளாப்பில் இரண்டு ராணி, ஓர் ஆறு. டர்னில் ஒன்பது விழுந்தது. ஐவிக்கு ஃபுல் ஹவுஸ்: மூன்று ஒன்பது, இரண்டு ராணி. சிப் முழுவதும் நடுவே போயிற்று. மணிமேக்கரைக் காப்பாற்ற ஏழு சீட்டுகள்தான் இருந்தன: மிச்ச ராணி ஒன்று, ஏஸ் மூன்று, ஆறு மூன்று. ரிவரில் ஏஸ். ஐவி பத்தாமிடத்தோடு கிளம்பினார், மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார்.

எனவே எம் நான்கில் நிற்பவருக்கு உகந்தது, ஃபிளாப் வருவதற்கு முன்பே அத்தனை சிப்பையும் தள்ளிவிடுவது. ஆல்-இன். உங்களுக்கு முன்னால் எல்லோரும் கவிழ்த்துவிட்டு, பிளைண்ட் கட்டிய இருவர் மட்டுமே பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரிடம் எட்டைவிடப் பெரிய ஜோடி இருக்க 100க்கு 6 வாய்ப்புதான். இருவரும் பயந்து கவிழ்த்தால் 2500 உங்களுடையது. சிப் ஒரே நொடியில் கால் பங்கு கூடிவிடும். ஏஸும் கிங்குமாக ஒருவர் எதிர்த்தாலும், வெல்வதற்கு உங்களுக்கு 100க்கு 55 வரை உண்டு. ஏஸும் ஏழுமாக வந்தால் 70ஐ ஒட்டி, ஐந்து ஜோடியோடு வந்தால் 80ஐ ஒட்டி. பத்து ஜோடி எதிர்ப்பட்டால்தான் 20க்கு இறங்கும்.

இதே எட்டு ஜோடி, முதலில் தள்ளியவர் எதிரி என்றால் வேறு சீட்டாகிவிடுகிறது. தள்ளுபவருக்கு வெல்ல இரண்டு வழி: எதிரி கவிழ்ப்பது, அல்லது சீட்டில் ஜெயிப்பது. ஏற்பவருக்கு இரண்டாவது மட்டும். பந்தயத்தை ஏற்க, உயர்த்துவதைவிட வலுவான சீட்டு வேண்டும் என்று போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி எழுதியது இதனால்தான். ஒன்பது ஜோடிக்கு மேலும், ஏஸ்-கிங், ஏஸ்-ராணியும் வந்தால் மட்டுமே தள்ளுகிற கெட்டிக்கார ஆசாமியை எட்டை வைத்து எதிர்த்தால், 100க்கு 35 தடவைதான் தேறும். பரிசுக்கு இன்னும் ஓரிருவர் வெளியேறினால் போதும் என்ற கட்டத்தில் இது இன்னும் மோசம். அங்கே வெல்லும் சிப்பைவிடத் தோற்கும் சிப்புக்கு விலை அதிகம். நானாக இருந்தால் கூச்சப்படாமல் கவிழ்த்துவிடுவேன்.

ஆனால் இன்னும் பெரிய சீட்டு வரட்டும் என்று எம் இரண்டுக்கு இறங்கும்வரை இழுத்தடிப்பது இதைவிடப் பெரிய தப்பு. 5000 சிப்பைத் தள்ளினால் பெரிய பிளைண்ட் கட்டியவருக்குப் பயமே வராது. இன்னும் 4000 போட்டு 7500ஐப் பிடிக்கலாம் என்று கையில் இருப்பதை வைத்தே வந்துவிடுவார். எந்தச் சீட்டோடு வந்தாலும் சராசரியில் எட்டு ஜோடிக்கு 100க்கு 69 வெற்றி உண்டு. ஆனால் ஜெயித்தாலும் 11,500 வரைதான் வரும், அதாவது எம் நான்கரையைச் சற்றே தாண்டியிருப்பீர்கள்.