போர்த்துக்கீசர் காலத்தில் கொச்சி யூதர்

கொச்சி யூதர் எனப்படுவோர் மலபார்க் கரையில் நெடுங்காலம் வாழ்ந்த யூத சமயத்தினர் ஆவர். கொச்சியில் போர்த்துக்கீசர் செல்வாக்குடன் இருந்த காலம் (1500–1663) இவர்களது வரலாற்றில் கடினமான காலமாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்னர் இவர்களது நிலை உயர்ந்திருந்தது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 அளவில் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு, பகல்விளக்கு, பல்லக்கு, குடை முதலிய உரிமைகளையும் வரிவிலக்கையும் அளித்தது.

இரு ஆட்சிகளுக்கு இடையே

எசுப்பானியா 1492இல் யூதரை வெளியேற்றியது. போர்த்துக்கல் 1497இல் அவர்களுக்குக் கட்டாயத் திருமுழுக்கு அளித்தது. அந்நாடுகளிலிருந்து வந்து கொச்சியில் குடியேறியோரும் அவர்களுடன் சேர்ந்த பிறநாட்டு யூதரும், உள்ளூர் மலபார் யூதரிலிருந்து வேறுபடுத்தப்பட்டு, பரதேசி யூதர் எனப்பட்டனர்.

கொச்சிக் கோட்டை போர்த்துக்கீசர் வசம் இருந்தது. நடந்தே செல்லக்கூடிய தொலைவிலுள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி அரசரின் ஆட்சியில் இருந்தது. யூதரின் சமய வாழ்வு இந்தக் குறுகிய இடைவெளியையே நம்பியிருந்தது எனலாம். 1560இல் கோவாவில் நிறுவப்பட்ட மதவிசாரணை மன்றம், திருமுழுக்குப் பெற்றவர்களையே முதன்மையாக விசாரித்தது. எனவே திருமுழுக்குப் பெறாத யூதர் அரசரின் எல்லைக்குள் ஓய்வுநாளை வெளிப்படையாகக் கடைப்பிடிக்க முடிந்தது. முன்னோர் கட்டாயத்தினால் மதம் மாறிய 'புதிய கிறித்தவர்' ஒருவர் அதே ஓய்வுநாளைத் தம் வீட்டில் மறைவாகக் கடைப்பிடித்தாலும் அது குற்றமாயிற்று.

கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. இந்திய மூலிகைகள் பற்றிய அவரது நூல் 1563இல் கோவாவில் அச்சானது. அவர் 1568இல் இறந்தார். மறு ஆண்டே அவருடைய சகோதரி கத்தரீனா எரித்துக் கொல்லப்பட்டார். 1580இல் ஓர்ட்டாவின் எலும்புகளும் தோண்டி எடுத்து எரிக்கப்பட்டன.

அதே 1568இல்தான் மட்டாஞ்சேரியில் பரதேசி யூதரின் தொழுகைக் கூடம் கட்டப்பட்டது. அரசர் தமது அரண்மனையை ஒட்டியே அதற்கு நிலம் அளித்தார். அந்த அரண்மனை போர்த்துக்கீசரே அரசருக்குக் கட்டிக் கொடுத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1662ஆம் ஆண்டுத் தாக்குதல்

1662இல் ஒல்லாந்தர் கொச்சியை முற்றுகையிட்டுக் கைப்பற்ற இயலாமல் திரும்பினர். அவர்களுக்கு உதவியதாகக் கூறிப் போர்த்துக்கீசர் யூதர் குடியிருப்பைத் தாக்கினர். தொழுகைக் கூடம் சேதமடைந்தது. பழைய ஆவணங்கள் பல அப்போது அழிந்ததாக யூத மரபு கூறுகிறது. சனவரி 1663இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டில் தொழுகைக் கூடம் புதுப்பிக்கப்பட்டது. அதன் மணிக்கூண்டு 1760ஐச் சேர்ந்தது.