பாட்டும் பத்திரமும்

பாட்டெழுதுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் ஒரு தொகையைச் சொல்லுவோம். ஒரு முறை கொடுத்து, ஒரு முறை வாங்கி, அத்துடன் முடிந்துபோகும் தொகை. வீட்டை விற்றவனுக்கு விலை கிடைக்கிறது. வாடகைக்கு விட்டவனுக்கு மாதந்தோறும் வருவாய் கிடைக்கிறது. பாட்டும் இத்தகைய சொத்தே. எந்தப் படநிறுவனத்தையும் சாராமல் தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடும் இளைஞர்கள் இவ்வேற்றுமையை முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒலிக்கும் ஒரு பாட்டில் இருவகை உடைமைகள் அடங்கியுள்ளன. சொல்லும் மெட்டுமாகிய ஆக்கம் ஒன்று; அதைப் பாடி எடுத்த ஒலிப்பதிவு மற்றொன்று. தம் செலவில் பதிவு செய்துகொண்டவருக்கு இரண்டும் சொந்தம். இணைய இசைத்தளங்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனம் பெரும்பாலும் ஒலிப்பதிவுக்குரிய பணத்தையே தருகிறது. சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிய பணம் வேறு வாயில் வழியே வருகிறது. வானொலியிலோ உணவு விடுதியிலோ பாட்டு ஒலிப்பதற்கான உரிமத்தொகையைத் திரட்டிப் பங்கிடுவது 1969-இல் அமைந்த ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சங்கம். அதில் உறுப்பினராகி, பாட்டின் பெயரையும் அவரவர் பங்கையும் ஒன்றுவிடாமல் தெரிவிக்க வேண்டும். பெயர் தெரியாத பாட்டுக்குச் சங்கம் யாரைத் தேடிப் பணம் கொடுக்கும்?

இவ்வுரிமை எளிதில் வாய்த்ததன்று. தயாரிப்பாளர் பணம் கொடுத்துத் தம் படத்துக்கென எழுதுவித்த பாட்டு, வேறு ஒப்பந்தம் இல்லையேல், அவருக்கே உரியது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2012-இல்தான் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காக வாதாடினார். அத்திருத்தத்தின்படி, உரிமையையே எழுதிக்கொடுத்துவிட்டாலும், பாட்டின் பயன்பாட்டால் வரும் உரிமைத்தொகையில் ஆசிரியருக்குச் சமபங்கு உண்டு. படத்தோடு திரையரங்கில் காட்டப்படுவது மட்டும் விலக்கு. அப்பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிய பத்திரம் செல்லாது.

இருந்தும் பத்திரத்தைப் படியாமல் கையொப்பமிடுவோர் குறைந்தபாடில்லை. காலம் குறிக்காத ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். இடம் குறிக்காதது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஆனால், 'நிரந்தரமாக', 'உலகெங்கும்' என்னும் இரு சொற்கள் ஓரத்தில் நுழைந்துவிட்டால் இப்பாதுகாப்பு போயிற்று. ஆசிரியர் வாழ்நாளோடு அவருக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும் உடைமை இது என்பதை அவசரத்தில் யார் நினைக்கிறார்கள்!

ஒன்றை மறைக்கலாகாது. உரிமைத்தொகை துளித்துளியாகவே வரும். கேட்போர் பெருகும்வரை அரிசிக்கடைக் கணக்கைக்கூட அது தீர்க்காது. அதுவரை மேடைக் கச்சேரியும் விளம்பரப் பாட்டுமே அடுப்பை எரியவைக்க வேண்டும். அவற்றிற்கும் வாய்ச்சொல்லை நம்பாமல், எந்தப் பயனுக்கு, எத்தனை காலத்துக்கு, என்ன தொகைக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

நண்பர் இருவர் சேர்ந்து பாட்டமைக்கையில் பங்கைப் பற்றிப் பேசக் கூசுவதையும் நாம் கண்டிருக்கிறோம். பாட்டு யாருக்கும் தெரியாதவரை இருவரும் உடன்பிறப்புகள். தெருவெங்கும் ஒலித்தபின் பல்லவி யாருடையது என்று வழக்கு. சொல் இன்னாருடையது, மெட்டு இன்னாருடையது, பங்கு இவ்வளவு என்று ஒரே ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடக் கால்மணி நேரம் போதும். அதை ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு வெளியேறுமுன்னரே செய்துவிடலாம்.